மெய்நிகராக்கக் கொத்தணியில் வழங்கி இணைப்புத் தோல்வி

மெய்நிகராக்கக் கொத்தணியில் வழங்கி இணைப்புத் தோல்வி என்பது, தனியாக இயங்கிவரும் வழங்கிக் கணினி ஒன்றை ஏற்கனவே உள்ள ஒரு கொத்தணியில் சேர்க்க முயலும்போது, இரண்டின் அமைப்புகளும் பொருந்தாமையால் மேலாண்மை மென்பொருள் அவ்வழங்கியை ஏற்க மறுக்கும் நிலையைக் குறிக்கும். இத்தகைய பொருந்தாமைக்குப் பல காரணங்கள் உள்ளன. அவற்றுள் நுண்செயலிகளின் ஆணைத் தொகுதிகள் வேறுபடுவது முதன்மையானது. ஏனைய பொருந்தாமைகள் பெரும்பாலும் அமைப்புகளைத் திருத்துவதன் மூலம் தீர்ந்துவிடும். ஆனால் நுண்செயலிப் பொருந்தாமையைத் தீர்க்கப் பல வேளைகளில் இயங்கிக்கொண்டிருக்கும் மெய்நிகர் கணினிகளை நிறுத்த வேண்டியுள்ளது. எவற்றை நிறுத்த வேண்டும், எவற்றை நிறுத்தாமலேயே விடலாம் என்பதைச் சரியாக அறிவதே இச்சிக்கலின் மையமாகும். இக்கட்டுரை விஎம்வேர் நிறுவனத்தின் மென்பொருள்களை முதன்மை எடுத்துக்காட்டாகக் கொண்டு இதனை விளக்குகிறது.

பின்புலம்

மெய்நிகராக்கம் என்பது ஒரே வன்பொருளின்மீது பல இயங்குதளங்களை, அவை தனித்தனிக் கணினிகளில் இயங்குவதுபோல், ஒருங்கே இயங்கச் செய்யும் நுட்பமாகும். இவ்வாறு தோற்றுவிக்கப்படும் ஒவ்வொன்றும் மெய்நிகர் கணினி எனப்படும். அவற்றைத் தாங்கும் உண்மையான கணினி இங்கு வழங்கி எனப்படுகிறது. வழங்கியின் வளங்களை மெய்நிகர் கணினிகளுக்குப் பகிர்ந்தளிக்கும் மென்பொருள் ஹைப்பர்வைசர் ஆகும்.

பல வழங்கிகளை ஒரே மேலாண்மையின் கீழ்க் கொண்டுவந்து, அவற்றின் கணிப்புத் திறனையும் நினைவகத்தையும் ஒரே தொகுப்பாகப் பயன்படுத்தும் ஏற்பாடு கொத்தணி எனப்படும். கிளஸ்டர் என்னும் பெயரே வழக்கில் மிகுதி. கொத்தணியால் விளையும் பயன்கள் மூன்று. முதலாவது, வேலைச்சுமை மிகுந்த வழங்கியிலிருந்து சுமை குறைந்த வழங்கிக்கு மெய்நிகர் கணினிகளை மாற்றலாம். இரண்டாவது, பழுதுபார்க்க வேண்டிய வழங்கியைச் சேவை தடைப்படாமல் காலி செய்யலாம். மூன்றாவது, ஒரு வழங்கி திடீரென நின்றுவிட்டால் அதிலிருந்த மெய்நிகர் கணினிகளை வேறு வழங்கிகளில் மீண்டும் தொடங்கலாம்.

இவற்றுள் முதலிரண்டும் இயங்குநிலை இடமாற்றம் என்னும் நுட்பத்தைச் சார்ந்தவை. இதில் மெய்நிகர் கணினி இயங்கிக்கொண்டிருக்கும்போதே அதன் நினைவகப் பக்கங்கள் பிணையத்தின் வழியாகப் புதிய வழங்கிக்குப் படியெடுக்கப்படுகின்றன. படியெடுக்கும் வேளையில் மாறிய பக்கங்கள் மீண்டும் அனுப்பப்படுகின்றன. எஞ்சியவை மிகக் குறைந்தபின் மெய்நிகர் கணினி ஒரு கணம் நிறுத்தப்பட்டு, இறுதிப் பக்கங்களும் நுண்செயலிப் பதிவகங்களின் உள்ளடக்கமும் மாற்றப்பட்டு, புதிய வழங்கியில் விட்ட இடத்திலிருந்து தொடர்கிறது. உள்ளே இயங்கும் இயங்குதளம் தான் இடம் மாறியதை அறிவதில்லை. இந்த அறியாமையே இந்நுட்பத்தின் சிறப்பு. நுண்செயலிப் பொருந்தாமை ஆபத்தாவதற்கும் அதுவே காரணம்.

வரலாறு

மெய்நிகராக்கம் 1960களில் ஐபிஎம் நிறுவனத்தின் பெருங்கணினிகளில் தோன்றியது. எக்ஸ்86 வகைக் கணினிகளில் இதனைப் பரவலாக்கிய விஎம்வேர் நிறுவனம் 1998 இல் தொடங்கப்பட்டது. அந்நிறுவனம் 2001 இல் வழங்கிகளுக்கான ஈஎஸ்எக்ஸ் மென்பொருளையும், 2003 இல் வி-மோஷன் என்னும் இயங்குநிலை இடமாற்ற வசதியையும் வெளியிட்டது. 2005 இல் கேம்பிரிட்ஜ், கோபனாவன் பல்கலைக்கழகங்களைச் சேர்ந்த ஆய்வாளர்கள் திறமூல மென்பொருளான ஸென்னில் இதே நுட்பத்தைச் செயற்படுத்திக் காட்டினர். குவேக் 3 என்னும் விளையாட்டின் வழங்கியை இடம் மாற்றியபோது அது 60 மில்லிவினாடி மட்டுமே தடைப்பட்டதாக அவர்கள் பதிவு செய்தனர்.

இன்டெல் 2005 இலும், ஏஎம்டி 2006 இலும் தத்தம் நுண்செயலிகளில் மெய்நிகராக்கத்துக்கான வன்பொருள் ஆதரவைச் சேர்த்தன. 2007 இல் கேவிஎம் லினக்ஸ் கருனியின் 2.6.20 பதிப்பில் இணைக்கப்பட்டது. கொத்தணிகள் பெருகியபோது, வெவ்வேறு ஆண்டுகளில் வாங்கிய வழங்கிகளை ஒன்றுசேர்க்கும் தேவையும் பெருகியது. இதற்குத் தீர்வாக 2008 இல் ஈஎஸ்எக்ஸ் 3.5 பதிப்பின் இரண்டாம் இற்றைப்படுத்தலில் ஈவிசி என்னும் பொருத்த வசதி அறிமுகமானது. விஎம்வேர் நிறுவனத்தை 2023 நவம்பரில் பிராட்காம் நிறுவனம் வாங்கியது.

நுண்செயலிப் பொருந்தாமை

எக்ஸ்86 நுண்செயலிகளின் ஒவ்வொரு தலைமுறையும் புதிய ஆணைகளைச் சேர்த்துக்கொண்டே வந்துள்ளது. தான் எந்த ஆணைகளை அறியும் என்பதை நுண்செயலி சிபியுஐடி என்னும் ஆணையின் வாயிலாகத் தெரிவிக்கிறது. ஒரு நிரல் இவ்வாணையை இயக்கினால், விடை பதிவகங்களில் பிட்டுகளின் வரிசையாகக் கிடைக்கும். ஒவ்வொரு பிட்டும் ஒரு வசதி உண்டா இல்லையா என்பதைக் குறிக்கும்.

நிரல்கள் இக்கேள்வியைப் பொதுவாக ஒருமுறைதான் கேட்கின்றன. இயங்குதளம் தொடங்கும்போது கேட்கிறது. பயன்பாட்டு நிரல் தான் தொடங்கும்போது கேட்கிறது. எடுத்துக்காட்டாக, லினக்ஸில் பயன்படும் குனூ சி நிரலகம் நினைவகத்தைப் படியெடுக்கும் செயற்கூற்றின் பல வடிவங்களைக் கொண்டுள்ளது. நுண்செயலிக்கு ஏற்ற மிக விரைவான வடிவத்தை நிரல் ஏற்றப்படும்போது தேர்ந்துகொண்டு, அந்நிரல் முடியும்வரை அதையே பயன்படுத்துகிறது. மெய்யான கணினியில் இதில் பிழை ஏதுமில்லை. நிரல் இயங்கிக்கொண்டிருக்கும்போது எவரும் நுண்செயலியைக் கழற்றி வேறொன்றைப் பொருத்துவதில்லை.

இயங்குநிலை இடமாற்றம் அதைத்தான் செய்கிறது. ஏவிஎக்ஸ்2 ஆணைகள் உள்ள நுண்செயலியில் தொடங்கிய நிரல், அவ்வாணைகள் இல்லாத நுண்செயலிக்கு மாற்றப்பட்டால், அடுத்த முறை அவ்வாணையை இயக்கும்போது நுண்செயலி அதனைச் செல்லாத ஆணை எனக் கொள்ளும். நிரல் உடனே முறிந்துவிடும். அவ்வாணையை இயக்கியது கருனியாக இருந்தால் இயங்குதளமே நின்றுவிடும். இம்முறிவு இடமாற்றம் முடிந்த அக்கணமே நிகழ வேண்டியதில்லை. குறிப்பிட்ட ஆணை எப்போது இயக்கப்படுகிறதோ அப்போது, சில மணி நேரம் கழித்தும் நிகழலாம். அந்நிலையில் காரணத்தைக் கண்டுபிடிப்பது மிகக் கடினம்.

ஆகவே மேலாண்மை மென்பொருள் வழங்கியை ஏற்க மறுப்பது ஒரு பாதுகாப்பு ஏற்பாடாகும். கொத்தணியில் உள்ள எந்த மெய்நிகர் கணினியையும் எந்த வழங்கிக்கும் மாற்றலாம் என்னும் உறுதியை அது காக்கிறது. நுண்செயலியின் கருக்களின் எண்ணிக்கை, கடிகார வேகம், பதுக்கு நினைவகத்தின் அளவு ஆகியவை இப்பொருத்தத்தைப் பாதிப்பதில்லை. ஆணைத் தொகுதியும் அதனைச் சார்ந்த வசதிகளுமே கணக்கில் கொள்ளப்படுகின்றன.

வழங்கி நின்றுபோகும்போது மெய்நிகர் கணினிகளை வேறிடத்தில் மீண்டும் தொடங்கும் வசதிக்கு இத்தடை பெரும்பாலும் இல்லை. மீண்டும் தொடங்கும் மெய்நிகர் கணினி புதிய நுண்செயலியைப் புதிதாக வினவித் தெரிந்துகொள்ளும்.

அடிநிலை

இச்சிக்கலுக்கான பொதுத் தீர்வு அடிநிலை எனப்படும். கொத்தணியில் உள்ள நுண்செயலிகள் அனைத்துக்கும் பொதுவான வசதிகளை மட்டும் மெய்நிகர் கணினிகளுக்குக் காட்டி, எஞ்சியவற்றை மறைப்பதே இதன் அடிப்படை. சிபியுஐடி வினாவுக்கான விடையில் உரிய பிட்டுகள் அணைக்கப்படுகின்றன. புதிய நுண்செயலி பழைய நுண்செயலியைப் போலத் தோற்றமளிக்கிறது. அதன் வேகம் குறைக்கப்படுவதில்லை.

விஎம்வேர் ஈவிசி வசதியில் இன்டெல் நுண்செயலிகளுக்கான அடிநிலைகள் நுண்கட்டமைப்புகளின் பெயரால் அழைக்கப்படுகின்றன. அவற்றுட் சிலவும், அந்நுண்கட்டமைப்பு வெளிவந்த ஆண்டும், ஒவ்வொன்றிலும் கூடுதலாகக் கிடைக்கும் முதன்மை வசதிகளும் பின்வருமாறு:

- மெரோம், 2006: எஸ்எஸ்எஸ்இ3 வரையிலான ஆணைகள்
- பென்ரின், 2007: எஸ்எஸ்இ4.1
- நெஹலெம், 2008: எஸ்எஸ்இ4.2, பிட்டுகளை எண்ணும் ஆணை
- வெஸ்ட்மியர், 2010: ஏஈஎஸ் மறைகுறியாக்க ஆணைகள்
- சாண்டி பிரிட்ஜ், 2011: ஏவிஎக்ஸ்
- ஐவி பிரிட்ஜ், 2012: தற்போக்கு எண்களை உருவாக்கும் ஆணை
- ஹாஸ்வெல், 2013: ஏவிஎக்ஸ்2, எஃப்எம்ஏ
- ஸ்கைலேக் வழங்கி வகை, 2017: ஏவிஎக்ஸ்-512

ஏஎம்டி நுண்செயலிகளுக்குத் தனி வரிசை உண்டு. இரு நிறுவனங்களின் நுண்செயலிகளையும் ஒரே ஈவிசி கொத்தணியில் சேர்க்க இயலாது.

அடிநிலை வழங்கியிடமிருந்து எதையும் பறிப்பதில்லை. மெய்நிகர் கணினிக்குக் காட்டப்படும் விடையை மட்டுமே மாற்றுகிறது. எனவே சிபியுஐடி ஆணையைக் கேட்காமல், நுண்செயலியில் ஒரு வசதி இருக்கும் என்று தானே கருதிக்கொள்ளும் நிரல்களை அடிநிலை காப்பாற்றாது.

தோல்வியின் வகைகள்

இணைப்பு மறுக்கப்படும்போது தோன்றும் பிழைச் செய்திகள் ஒன்றையொன்று ஒத்திருந்தாலும், அடிப்படைக் காரணங்கள் வேறுபடுகின்றன. காரணத்துக்கேற்பத் தீர்வும் வேறுபடுவதால், முதலில் வகையை அறிவது இன்றியமையாதது.

பழைய நுண்செயலி: சேர்க்கப்படும் வழங்கியின் நுண்செயலி கொத்தணியின் அடிநிலையைவிடத் தாழ்ந்தது. இந்நிலையில் கொத்தணியின் அடிநிலையைத் தாழ்த்த வேண்டும் அல்லது வழங்கியை வேறு கொத்தணியில் சேர்க்க வேண்டும்.

பயாஸில் முடக்கப்பட்ட வசதி: நுண்செயலி போதிய தலைமுறையைச் சேர்ந்ததே. ஆயினும் மெய்நிகராக்க ஆதரவு, நினைவகப் பகுதிகளில் நிரல் இயங்குவதைத் தடுக்கும் வசதி, ஏஈஎஸ் ஆணைகள் போன்றவற்றுள் ஏதேனும் ஒன்று பயாஸில் அணைக்கப்பட்டுள்ளது. ஒரே நாளில் வாங்கிய ஒரே வகை வழங்கிகளுள் ஒன்று மட்டும் மறுக்கப்பட்டால் முதலில் ஐயுற வேண்டியது இதனையே.

இயங்கும் மெய்நிகர் கணினிகள்: வழங்கியின் நுண்செயலி அடிநிலையைவிட உயர்ந்தது. வழங்கி காலியாக இருந்தால் உடனே ஏற்கப்படும். ஆனால் அதில் இயங்கும் மெய்நிகர் கணினிகள் அடிநிலைக்கு மேற்பட்ட வசதிகளை ஏற்கனவே கண்டுவிட்டன. கண்டதை இனி மறைக்க இயலாது. இடைநிறுத்தப்பட்ட மெய்நிகர் கணினிகளும் இவ்வகையிலேயே அடங்கும். அவற்றின் நினைவக உள்ளடக்கம் வட்டில் உறைந்திருப்பதால், மீண்டும் எழும்போது பழைய வசதிகளையே எதிர்பார்க்கும்.

நுண்நிரல் வேறுபாடு: ஒரே வகை நுண்செயலிகளாயினும், அவற்றுள் ஏற்றப்பட்ட நுண்நிரலின் பதிப்பு வேறுபட்டால் காட்டப்படும் வசதிகளும் வேறுபடலாம்.

பிற அமைப்புகள்: வழங்கி கொத்தணியில் ஏற்கப்பட்ட பின்னரும் இடமாற்றம் தோல்வியுறலாம். மெய்நிகர்ப் பிணையங்களின் பெயர்கள் எழுத்துக்கு எழுத்து ஒத்திராமை, பகிர் சேமிப்பகம் எல்லா வழங்கிகளுக்கும் எட்டாமை, பிணையப் பொதிகளின் உச்ச அளவு வேறுபடுதல் ஆகியன பொதுவான காரணங்கள். இவற்றைச் சரிசெய்ய மெய்நிகர் கணினிகளை நிறுத்த வேண்டிய தேவை பொதுவாக எழுவதில்லை.

கண்டறியும் முறை

தோல்வியின் வகையைக் கண்டறியப் பின்வரும் கேள்விகளை இவ்வரிசையிலேயே கேட்பது பயன்தரும்.

1. சேர்க்கப்படும் வழங்கியின் நுண்செயலியும் கொத்தணியின் நுண்செயலிகளும் ஒரே நிறுவனத்தினுடையவையா? இல்லையெனில் தேடலை இங்கேயே நிறுத்தலாம்.
2. அவ்வழங்கியின் நுண்செயலி தாங்கும் மிக உயர்ந்த அடிநிலை எது? கொத்தணியின் நடப்பு அடிநிலை எது? இவ்விரண்டையும் மேலாண்மை மென்பொருளே காட்டும்.
3. நுண்செயலியின் தலைமுறைக்குரிய அடிநிலையைவிடத் தாழ்ந்த அடிநிலையே தாங்கப்படுவதாகக் காட்டப்படுகிறதா? ஆயின் பயாஸ் அமைப்புகளையும் நுண்நிரல் பதிப்பையும் பார்க்க வேண்டும்.
4. வழங்கியில் இயங்கும் அல்லது இடைநிறுத்தப்பட்ட மெய்நிகர் கணினிகள் உள்ளனவா? நுண்செயலி போதுமானதாக இருந்தும் மறுக்கப்படுமாயின் காரணம் பெரும்பாலும் இதுவே.

தீர்க்கும் முறை

பயாஸ் அமைப்பே காரணமாயின், வழங்கியைப் பராமரிப்பு நிலைக்குக் கொண்டுசென்று, அணைக்கப்பட்ட வசதியை இயக்கி, மின்னிணைப்பை முழுமையாகத் துண்டித்து மீண்டும் தொடங்கினால் போதுமானது. இயங்கும் மெய்நிகர் கணினிகள் காரணமாயின், திட்டமிட்ட நிறுத்தம் தேவைப்படுகிறது. இதனை ஓர் எடுத்துக்காட்டால் விளக்கலாம்.

அ, ஆ என்னும் இரு வழங்கிகள் ஐவி பிரிட்ஜ் அடிநிலையில் அமைந்த கொத்தணியில் உள்ளன எனக் கொள்வோம். இ என்னும் வழங்கி பின்னர் வாங்கப்பட்டது. அதன் நுண்செயலி ஹாஸ்வெல் வகை. அது சில மாதங்கள் தனியாக இயங்கி, இப்போது அதில் 12 மெய்நிகர் கணினிகள் உள்ளன. இ வழங்கியைக் கொத்தணியில் சேர்க்க முயலும்போது மறுக்கப்படுகிறது. இங்கு மறுப்புக்குக் காரணம் இ வழங்கியின் தாழ்வன்று, அதன் உயர்வே. அந்த 12 மெய்நிகர் கணினிகளும் ஏவிஎக்ஸ்2 ஆணைகளைக் கண்டுவிட்டன.

முதல் வழி, 12 மெய்நிகர் கணினிகளையும் ஒரே நேரத்தில் நிறுத்தி, இ வழங்கியைக் கொத்தணியில் சேர்த்து, பின் அவற்றைத் தொடங்குவது. இது எளியது. ஆனால் 12 சேவைகளும் ஒருசேரத் தடைப்படும். இணைப்பு மீண்டும் வேறொரு காரணத்தால் மறுக்கப்பட்டால் தடை நீளும்.

இரண்டாம் வழி, மெய்நிகர் கணினிகளை ஒவ்வொன்றாக நிறுத்தி, நிறுத்திய நிலையிலேயே அ அல்லது ஆ வழங்கிக்கு மாற்றி, அங்கே தொடங்குவது. மூன்று வழங்கிகளும் ஒரே பகிர் சேமிப்பகத்தைக் காண்பனவாயின் வட்டுக் கோப்புகளைப் படியெடுக்க வேண்டியதில்லை. ஒவ்வொரு சேவையும் தனக்குரிய நேரத்தில், நிறுத்தித் தொடங்க ஆகும் சில நிமிடங்கள் மட்டுமே தடைப்படும். இறுதியில் காலியான இ வழங்கி மறுப்பின்றி ஏற்கப்படும். அதன்பின் மெய்நிகர் கணினிகளை இயங்குநிலையிலேயே அதற்குத் திருப்பி அனுப்பலாம். இவ்வழிக்கு அ, ஆ வழங்கிகளில் போதிய நினைவகம் மிகுந்திருக்க வேண்டும்.

இரண்டு வழிகளிலும் அ, ஆ வழங்கிகளில் இயங்கிவரும் மெய்நிகர் கணினிகளை நிறுத்த வேண்டியதில்லை. அவை அடிநிலைக்கு மேற்பட்ட எதையும் காணவில்லை. ஈவிசி இல்லாத பழைய கொத்தணியில் முதன்முறையாக அடிநிலையை ஏற்படுத்தும்போதும் இவ்விதியே பொருந்தும். மிகப் பழைய வழங்கியின் நிலையையே அடிநிலையாகக் கொண்டால், அப்பழைய வழங்கியில் தொடங்கிய மெய்நிகர் கணினிகள் நிறுத்தப்படாமல் தொடரலாம். புதிய வழங்கிகளில் தொடங்கியவற்றை மட்டுமே நிறுத்த வேண்டும். இதற்கு விரும்பிய அடிநிலையுடன் ஒரு வெற்றுக் கொத்தணியை உருவாக்கி, வழங்கிகளை ஒவ்வொன்றாக அதற்கு மாற்றுவது வழக்கம்.

இங்கு நிறுத்துதல் என்பது மெய்நிகர் கணினியின் மின்னிணைப்பை அணைத்து மீண்டும் இயக்குவதற்கு ஒப்பானது. உள்ளிருக்கும் இயங்குதளத்தை மறுதொடக்கம் செய்வது இயல்பாகப் போதாது. மறுதொடக்கத்தின்போது மெய்நிகர் கணினி அணைக்கப்படுவதில்லை. எனவே அதற்குக் காட்டப்படும் வசதிகளும் மீண்டும் கணக்கிடப்படுவதில்லை.

அடிநிலையை உயர்த்துவது இதற்கு எதிரானது. மெய்நிகர் கணினிகள் இயங்கும்போதே அடிநிலையை உயர்த்தலாம். அவை முன்பு கண்ட வசதிகளுடனேயே தொடர்ந்து இயங்கி, அடுத்த முறை நிறுத்தித் தொடங்கும்போது புதிய வசதிகளைப் பெறும். ஆகவே உயர்த்துவதற்கு உடனடி விலை ஏதுமில்லை. தாழ்த்துவதற்கே நிறுத்தம் என்னும் விலை உண்டு.

மேலாண்மைக் கணினி சிக்கிக்கொள்ளும் நிலை

கொத்தணியை மேலாளும் வி-சென்டர் மென்பொருள் பெரும்பாலும் ஒரு மெய்நிகர் கணினியிலேயே இயங்குகிறது. அது சேர்க்கப்பட வேண்டிய வழங்கியிலேயே இருந்தால் ஒரு சுழல் உண்டாகிறது. வழங்கியைச் சேர்க்க அதிலுள்ள மெய்நிகர் கணினிகளை நிறுத்த வேண்டும். சேர்க்கும் வேலையைச் செய்ய வி-சென்டர் இயங்க வேண்டும்.

இச்சுழலிலிருந்து வெளிவர, கொத்தணியில் ஏற்கனவே உள்ள ஒரு வழங்கியை இடைத்தங்கலாகப் பயன்படுத்துகின்றனர். வி-சென்டர் மெய்நிகர் கணினியை முறையாக நிறுத்தி, கொத்தணியிலுள்ள வழங்கியின் மேலாண்மைப் பக்கத்தில் நேரடியாக நுழைந்து, பகிர் சேமிப்பகத்தில் உள்ள அதன் கோப்புகளை அவ்வழங்கியில் பதிவு செய்து தொடங்குவர். இம்முறை அது அடிநிலைக்கு உட்பட்ட வசதிகளை மட்டுமே காண்கிறது. இந்நடவடிக்கைக்கு முன் வி-சென்டரின் காப்புநகல் ஒன்றை எடுத்துவைத்தலும், அதன் கோப்புகள் சேமிப்பகத்தில் எங்குள்ளன என்பதையும் வழங்கிகளின் நேரடிக் கடவுச்சொற்களையும் குறித்துவைத்தலும் வேண்டும். வி-சென்டர் நின்றபின் இவற்றைத் தேட வழியிருக்காது.

2018 நுண்நிரல் மாற்றங்கள்

வன்பொருள் சிறிதும் மாறாமலே பொருந்தாமை தோன்றக்கூடும் என்பதை 2018 சனவரியில் வெளியான ஸ்பெக்டர் பாதுகாப்புக் குறைபாடு காட்டியது. இக்குறைபாட்டின் ஒரு வகையைத் தடுக்க, நுண்செயலியின் ஊக இயக்கத்தைக் கட்டுப்படுத்தும் புதிய வசதிகள் நுண்நிரல் வழியாகச் சேர்க்கப்பட்டன. இவ்வசதிகள் சிபியுஐடி விடையில் புதிய பிட்டுகளாகத் தோன்றின. இதனால் புதிய நுண்நிரல் ஏற்றிய வழங்கியும் ஏற்றாத வழங்கியும், ஒரே வகை நுண்செயலியைக் கொண்டிருந்தும், வேறுபட்டவையாயின. புதிய வசதிகளைக் கண்டு தொடங்கிய மெய்நிகர் கணினியைப் பழைய நுண்நிரல் உள்ள வழங்கிக்கு இயங்குநிலையில் மாற்ற இயலவில்லை.

இன்டெல் முதலில் வெளியிட்ட நுண்நிரலால் சில கணினிகள் எதிர்பாராது மறுதொடக்கமாயின. எனவே அதனைப் பரப்புவதை நிறுத்துமாறு அந்நிறுவனம் அம்மாதமே அறிவுறுத்தியது. இத்தகைய மாற்றங்களின்போது கொத்தணியின் வழங்கிகள் அனைத்துக்கும் நுண்நிரலை ஏற்றி முடித்த பின்னரே புதிய வசதிகளை மெய்நிகர் கணினிகளுக்குக் காட்டுவது பாதுகாப்பானது. ஈவிசி கொத்தணிகள் இவ்வொழுங்கையே பின்பற்றின.

பிற மென்பொருள்களில்

ஹைப்பர்-வி: மைக்ரோசாஃப்ட் நிறுவனம் இயங்குநிலை இடமாற்றத்தை விண்டோஸ் சர்வர் 2008 ஆர்2 பதிப்பில் அறிமுகப்படுத்தியது. அதிலுள்ள நுண்செயலிப் பொருத்த அமைப்பு கொத்தணிக்கன்றி ஒவ்வொரு மெய்நிகர் கணினிக்கும் தனியாக அமைந்தது. அதனை மாற்ற மெய்நிகர் கணினி நிறுத்தப்பட்டிருக்க வேண்டும். விண்டோஸ் சர்வர் 2025 பதிப்பில், கொத்தணியின் வழங்கிகளுக்குப் பொதுவான வசதிகளைக் கணக்கிட்டு அவற்றைக் காட்டும் முறை உள்ளது.

கேவிஎம்: மெய்நிகர் கணினிக்குக் காட்டப்படும் நுண்செயலியைப் பயனரே தேர்ந்தெடுக்கலாம். வழங்கியின் நுண்செயலியை உள்ளபடியே காட்டும் தேர்வு மிகுந்த வேகம் தரும். ஆனால் இடமாற்றத்துக்கு ஒத்த வழங்கிகளைக் கோரும். லிப்வர்ட் நிரலகத்தில் பல வழங்கிகளின் நுண்செயலி விவரங்களைக் கொடுத்தால் அவற்றின் பொதுவான அடிநிலையைக் கணித்துத் தரும் கட்டளை உள்ளது.

ஓவிர்ட்: கொத்தணிக்கு ஒரு நுண்செயலி வகை குறிக்கப்படுகிறது. அதனை நிறைவு செய்யாத வழங்கி, இயங்கத் தகாதது என்னும் நிலையில் ஒதுக்கிவைக்கப்படுகிறது.

பிராக்ஸ்மாக்ஸ்: 2023 இல் வெளியான 8 ஆம் பதிப்பிலிருந்து, இணைய இடைமுகம் வழியாக உருவாக்கப்படும் மெய்நிகர் கணினிகளுக்கு எக்ஸ்86-64 இன் இரண்டாம் நிலையுடன் ஏஈஎஸ் ஆணைகளும் சேர்ந்த வகை இயல்பிருப்பாக உள்ளது.

விலையும் வரம்புகளும்

அடிநிலையைத் தாழ்த்துவது எப்போதும் இழப்பற்றதன்று. ஏஈஎஸ் ஆணைகள் மறைக்கப்பட்டால் மறைகுறியாக்கம் மென்பொருளிலேயே நிகழ்ந்து மெதுவாகிறது. ஏவிஎக்ஸ்2, ஏவிஎக்ஸ்-512 ஆகியன மறைக்கப்பட்டால் அறிவியற் கணிப்பும் ஒளித்தோற்றச் செயலாக்கமும் பாதிக்கப்படுகின்றன. மின்னஞ்சல், கோப்புப் பகிர்வு போன்ற சேவைகளில் வேறுபாடு பெரிதாகத் தெரிவதில்லை.

இதனினும் முக்கியமான வரம்பு, புதிய இயங்குதளங்கள் தொடங்கவே மறுப்பது. 2020 இல் ஏஎம்டி, இன்டெல், ரெட் ஹாட், சூசே ஆகிய நிறுவனங்கள் சேர்ந்து எக்ஸ்86-64 கட்டமைப்புக்கு நான்கு நிலைகளை வகுத்தன. இரண்டாம் நிலைக்கு எஸ்எஸ்இ4.2 உள்ளிட்ட ஆணைகளும், மூன்றாம் நிலைக்கு ஏவிஎக்ஸ்2 உள்ளிட்ட ஆணைகளும் தேவை. 2022 இல் வெளியான ரெட் ஹாட் என்டர்பிரைஸ் லினக்ஸ் 9 இரண்டாம் நிலையையும், 2025 இல் வெளியான 10 ஆம் பதிப்பு மூன்றாம் நிலையையும் கோருகின்றன. ஆகவே பென்ரின் அடிநிலையில் விடப்பட்ட கொத்தணியில், வழங்கிகள் எவ்வளவு புதியனவாயினும், 9 ஆம் பதிப்பு இயங்காது. ஐவி பிரிட்ஜ் அடிநிலையில் 10 ஆம் பதிப்பு இயங்காது. ஒரு பழைய வழங்கிக்காகத் தாழ்த்திய அடிநிலையை, அவ்வழங்கி நீக்கப்பட்டபின் உயர்த்த மறப்பதே இதற்குப் பொதுவான காரணம்.

2018 இல் வெளியான வி-ஸ்பியர் 6.7 பதிப்பிலிருந்து, கொத்தணிக்கு மட்டுமன்றி ஒவ்வொரு மெய்நிகர் கணினிக்கும் தனித்தனியே அடிநிலையை அமைக்கலாம். அடிநிலை மெய்நிகர் கணினியின் பண்பாகிவிடுவதால், வேறு கொத்தணிக்கோ தரவு மையத்துக்கோ மாற்றப்பட்டாலும் அது உடன் செல்கிறது.

தவிர்க்க வேண்டியவை

சேவையை நிறுத்த விரும்பாதோர், பொருத்தச் சோதனையையே முடக்கி இடமாற்றத்தைக் கட்டாயப்படுத்த முயல்வதுண்டு. மெய்நிகர் கணினியின் அமைப்புக் கோப்பில் சிபியுஐடி பிட்டுகளைக் கையால் திருத்துவதும் உண்டு. முதலாவது, சோதனையை மட்டுமே நீக்குகிறது. செல்லாத ஆணையால் விளையும் முறிவு அப்படியே எஞ்சியிருக்கிறது. இரண்டாவதில், திருத்தம் அடுத்த தொடக்கத்தில்தான் நடைமுறைக்கு வருவதால் நிறுத்தம் தவிர்க்கப்படுவதில்லை. மேலும், ஒவ்வொரு மெய்நிகர் கணினியிலும் வெவ்வேறு திருத்தங்கள் சேர்ந்து, பின்வரும் நிர்வாகிகளால் விளங்கிக்கொள்ள இயலாத நிலை உருவாகிறது.

வழங்கி தனியாக இருக்கும்போதே, அதில் முதல் மெய்நிகர் கணினியைத் தொடங்குவதற்கு முன், பின்னர் சேரவிருக்கும் கொத்தணியின் அடிநிலையை அதற்கும் ஏற்படுத்துவதே இச்சிக்கலை முழுமையாகத் தவிர்க்கும் வழியாகும். வி-ஸ்பியரில் ஒரே ஒரு வழங்கியைக் கொண்ட கொத்தணியையும் உருவாக்கி அதற்கு அடிநிலையை அமைக்கலாம். காலியான வழங்கியில் இதற்குச் சில நிமிடங்களே ஆகும். அதே வேலையைப் பின்னர் செய்ய, அவ்வழங்கியைச் சார்ந்த ஒவ்வொரு சேவைக்கும் நிறுத்த நேரம் குறிக்க வேண்டிவரும்.